ஜன்னலில் ஓர் உப்பளம்

நேற்று பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு வடக்குத் திண்ணையின் நிழலில் 43 டிகிரி. அதே நேரத்தில் கூலரின் வாயில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெப்பமானியில் 27.5. இந்தப் பதினைந்தரை டிகிரியைச் சம்பாதிக்க எனக்கு இரண்டு கோடைகளும் 5,460 ரூபாயும் பிடித்தன. நடுவில் ஒரு மின்னதிர்ச்சியும் வாங்கினேன். அந்தத் தொகையில் 3,130 ரூபாய் சுத்தமான வீண்செலவு. கணக்கை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

வங்கி வேலையில் மாற்றலாகி ராஜஸ்தானின் பிக்கானீருக்கு வந்தவன் நான். சொந்த ஊர் தூத்துக்குடி. வெயில் எனக்குப் புதிதல்ல என்ற திமிரோடுதான் பிப்ரவரியில் வந்து இறங்கினேன். இங்கிருந்து ஜெய்சால்மர் போகும் வழியில் பலோதி என்றொரு ஊர் இருக்கிறது. 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் 38 டிகிரி ஓர் இதமான நாள். ஊரில் வியர்த்து நனைந்து பழகிய உடம்புக்கு இங்கே வியர்வை தெரிவதே இல்லை, அது உடனே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, முதல் ஏப்ரலிலேயே மூக்கில் இரத்தம் வந்தது. துவைத்த வேட்டி இருபது நிமிடத்தில் அப்பளம் போல விறைத்துக் காய்ந்துவிடும். நண்பகலில் மாடித் தொட்டித் தண்ணீரில் குளிக்க முடியாது, கொதிக்கும். விடியற்காலை ஐந்தரைக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்து எட்டரைக்குள் அடைத்துவிட வேண்டும் என்பதையும், கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சிய ராப் குடிப்பதையும் வீட்டுக்காரம்மா கற்றுக்கொடுத்தார். தெருவே அவரை மாஸா என்று அழைக்கிறது, நானும் அப்படித்தான். அவருடைய கணவர் காலத்து தகரக் கூலர் ஒன்று எனக்குக் கிடைத்தது. பதினெட்டு அங்குல விசிறி, மூன்று பக்கம் புல் தட்டி, அடியில் 90 லிட்டர் தொட்டி. பம்பு தண்ணீரை ஏற்றித் தட்டிகளை நனைக்கும், விசிறி அவற்றின் வழியே காற்றை இழுத்துக் குளிராக வெளியே தள்ளும். 'காஸ்', அதாவது புல் என்று இங்கே சொல்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது மெல்லிய மரச்சீவல்.

முதல் கோடையின் முதல் தவறு, கூலரை அறைக்குள் வைத்தது. மே மாதம் ஆந்தி என்ற புழுதிப்புயல் அடிக்கும். செம்மண் நிறத்தில் ஒரு சுவர் வானத்திலிருந்து நடந்துவரும். கூலரை வெளியே வைத்தால் புழுதி தின்றுவிடும் என்று பயந்து கட்டில் அருகே வைத்து, குளிர் வெளியே போகக்கூடாது என்று கதவு ஜன்னல்களையும் சாத்தினேன். குளிர்சாதன அறையில் அப்படித்தானே செய்வோம்? இரண்டு மணி நேரத்தில் அறை 33 டிகிரி, ஈரப்பதம் 82 சதவீதம். அதாவது பணம் கொடுத்து, மின்சாரம் செலவழித்து, பாலைவனத்துக்கு நடுவில் ஓர் ஐப்பசி மாதத் தூத்துக்குடியைத் தயாரித்திருந்தேன். தலையணையில் பூஞ்சை பூத்தது. மாஸா எட்டிப் பார்த்துவிட்டு, "விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் எப்படி, பேட்டா?" என்று கேட்டார்.

அவர் சொன்னபடி ஜன்னலுக்கு வெளியே இரும்புத் தாங்கியில் ஏற்றினேன். நிலைமை தேறியது, ஆனால் போதவில்லை. வெளியே 43 என்றால் கூலர் வாயில் 35. எதிர்வீட்டுக் கூலரோ சால்வை கேட்கும் அளவுக்குக் குளிர்ந்தது.

இங்கிருந்து என் பணம் கரையத் தொடங்கியது. பம்பு பலவீனம் என்று நினைத்துப் புதிது வாங்கினேன்: 18 வாட், 380 ரூபாய். மாற்றம் இல்லை. விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று மோட்டாருக்குக் கம்பி மறுசுற்று போட்டேன்: 950. பழைய மோட்டாரில் குறையே இல்லை என்று இப்போது தெரியும். பிறகு பனிக்கட்டி. தினமும் 30 ரூபாய்க்கு ஐந்து கிலோ பாளம் வாங்கித் தொட்டியில் போட்டேன், இருபது நாள், 600 ரூபாய். அது முட்டாள்தனம் என்பதை ஒரு மழைநாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் கண்டேன். ஐந்து கிலோ பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சும் வெப்பம், முக்கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீர் ஆவியாவதற்குத்தான் சமம். என் கூலர் மணிக்கு 15 லிட்டர் குடிக்கிறது. தொட்டியில் அளவுக்குச்சி விட்டு அளந்த எண் அது. பாளம் முழுவதும் செய்யும் வேலையைக் கூலர் மூன்று நிமிடத்தில் செய்துவிடுகிறது.

அடுத்தது வெட்டிவேர். இங்கே அதற்குக் கஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் வாசலில் கஸ் தட்டி தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்களாம். அம்மாவிடம் சொன்னதும் இரண்டு கிலோ வேர் கூரியரில் வந்துவிட்டது. கூரியரோடு 1,200 ரூபாய். மூன்று பக்கமும் இரண்டு அங்குலக் கனத்துக்கு அடைத்து, தங்கூசியால், அதாவது நைலான் மீன்நரம்பால், தைத்தேன். முதல் அரை மணி நேரம் வீடு கோவில் போல மணந்தது. கூலர் வாயில் 26 டிகிரி! ஆனால் இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்த காகிதத் துண்டு அசையவே இல்லை. வேர் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் விசிறியால் காற்றை இழுக்க முடியவில்லை. குளிர்ச்சி இருந்தது, காற்று இல்லை. அறையில் பயன் பூஜ்யம். வெட்டிவேர்த் தட்டி இயற்கைக் காற்று புகும் வாசலுக்குத்தான் சரி. பிரித்து எடுத்ததில் ஒரு பிடியை இப்போது மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். மீதி அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருக்கிறது.

மின்னதிர்ச்சி அதே வாரத்தில் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த கூலருக்கு வாளியில் தண்ணீர் ஊற்றும்போது தகரத்தில் முழங்கை பட்டது. தோள்வரை இழுத்து அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டெஸ்டரை உடலில் வைத்தால் மங்கலாக எரிந்தது. பம்பு வயரின் இணைப்பில் சுற்றிய நாடா நனைந்து கசிந்திருந்தது. அதைவிட மோசம், சுவரில் இருந்த மூன்று துளைப் பிளக்கின் மேல்துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பி இறக்கி, கசிவு வந்தால் தானாக விழும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சும் போட்டோம். மாஸா பாதி கொடுத்தார், என் பங்கு 650 ரூபாய். வடக்கே ஒவ்வொரு கோடையிலும் கூலரில் கை வைத்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி வரத்தான் செய்கிறது. இந்தப் பதிவில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யப் போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது.

அந்தக் கோடை அவ்வளவுதான். ஜூலையில் ஈரக்காற்று வந்ததும் கூலரைச் சாக்கு போட்டு மூடினேன்.

இந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று திறந்தபோதுதான் தட்டிகளைக் கழற்றி முதன்முறையாக வெயிலில் வைத்துப் பார்த்தேன். மரச்சீவல் வெள்ளையாக, கல்லாக இறுகியிருந்தது. விரலால் தட்டினால் டக் டக் என்றது. சமையலறைத் தராசில் ஒரு தட்டி 3.9 கிலோ. கடையில் வாங்கிய புதுத் தட்டி 700 கிராம். ஒரு துண்டைப் பிய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு, பின்னால் ஒரு கசப்பு.

என் அப்பா முப்பது ஆண்டுகள் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். பாத்தியில் தண்ணீர் கட்டினால் வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோகும், உப்பு நிற்கும். இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் ஒரு கோடை முழுக்கத் தன் ஜன்னலில் ஓர் உப்பளம் நடத்தியிருக்கிறான், தெரியாமல்!

350 ரூபாய்க்கு நீரில் கரைந்திருப்பதை அளக்கும் பேனா மீட்டர் ஒன்று வாங்கினேன். இந்திரா காந்தி கால்வாயிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் லிட்டருக்கு 240 மில்லிகிராம் காட்டியது. நல்ல தண்ணீர், வீட்டுக்கு அடியில் 'குண்டு' என்று இங்கே சொல்லும் நிலத்தடித் தொட்டியில் சேமிக்கிறோம். ஆனால் கோடைக்கு முன் பராமரிப்புக்காகக் கால்வாயை அடைப்பார்கள். நஹர் பந்தி என்று பெயர். அந்த வாரங்களில் குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், கூலருக்கு டாங்கர் ஆழ்துளைத் தண்ணீர்தான். அதில் 1,400. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் ஆவியாகிறது, லிட்டருக்கு 1.4 கிராம் வீதம் 168 கிராம். தினமும் இரண்டு பிடி உப்பை நானே கூலருக்குள் அள்ளிப் போட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு நான் தொட்டி குறையக் குறைய மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூடக் காலி செய்யவில்லை. இந்த ஊருக்கு வடக்கே லூண்கரன்சர் என்று ஓர் உப்பு ஏரி இருக்கிறது. லூண் என்றால் உப்பு. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் உறைக்கவில்லை.

இனி வேலை. தொட்டியைக் காலி செய்து, துருவைக் கம்பி பிரஷால் சுரண்டினேன். அடித்தகட்டில் இரண்டு ஊசித்துளைகள். எம்-சீல் வைத்து அடைத்து, காய்ந்ததும் கறுப்புத் தார் பூச்சு இரண்டு கை. பொறுமை இல்லாமல் ஒரே நாளில் தண்ணீர் விட்டேன், பூச்சு கொப்புளித்தது. மறுபடி சுரண்டி, மறுபடி பூசி, இரண்டு நாள் முழுதாக உலர விட்டேன். தொட்டியின் மூலையில் இருந்த ரப்பர் அடைப்பானை எடுத்துவிட்டு அரை அங்குலப் பந்து வால்வு பொருத்தினேன், 110 ரூபாய். மொத்த வேலையில் மிகப் பயனுள்ள சாமான் இதுதான். பம்பையும் அதன் சல்லடையையும் லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் சுண்ணாம்பு உரிந்து கீழே கிடந்தது.

மேலே தண்ணீர் சொட்டும் தகர வாய்க்கால் அரித்துப் போயிருந்ததால் அதற்குப் பதிலாக அரை அங்குல பி.வி.சி. குழாய் போட்டேன். இதில் இரண்டு முறை தவறினேன். முதலில் 25 மி.மீ.க்கு ஒரு துளை, 3 மி.மீ. பிட், துளைகள் கீழ்நோக்கி. மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 84 துளைகள். பம்பின் அழுத்தம் அத்தனைக்குத் தாங்கவில்லை. முதல் பக்கம் அருவி, கடைசிப் பக்கம் வறட்சி. போதாததற்கு நான்கே நாளில் பாதித் துளைகள் கசடால் அடைபட்டன. இரண்டாவது குழாயில் 50 மி.மீ.க்கு ஒன்றாகக் குறைத்தேன், துளைகளை வானம் பார்க்க வைத்தேன். கசடு குழாயின் அடியில் தங்குகிறது, தண்ணீர் மேலே பொங்கி இருபுறமும் வழிகிறது. பம்பிலிருந்து வரும் குழாயை ஓரத்தில் இணைக்காமல் நடுப்பக்கத்தின் மையத்தில் டி வைத்துப் பிரித்தேன். முனைகளில் திருகு மூடி போட்டால் மாதம் ஒருமுறை திறந்து கழுவலாம். இரண்டு குழாய்க்கும் சேர்த்து 140 ரூபாய்.

அப்படியும் இடது தட்டியின் வெளியோரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம் ஏறவில்லை. குழாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் கட்டட வேலை செய்யும் கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தால், தாங்கியே ஒரு பக்கம் 12 மி.மீ. சாய்ந்திருந்தது. உடைந்த ஓட்டுத்துண்டு இரண்டைக் காலுக்கு அடியில் செருகினேன். செலவில்லாத இந்த வேலையால் மட்டும் கூலர் வாயில் ஒன்றரை டிகிரி இறங்கியது.

புதுத் தட்டிகள் மூன்றும் 280 ரூபாய், கோட் கேட் பக்கத்துக் கடையில். வாங்கியபடியே மாட்டினால் ஒரு வாரத்தில் சீவல் நனைந்து தொய்ந்து மேலே நான்கு விரல் இடைவெளி விழும். காற்று சோம்பேறி, ஈரச்சீவலுக்குள் நுழைந்து வருவதைவிட அந்தச் சந்து வழியாக அனலாகவே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு தட்டியையும் குறுக்காக ஐந்து வரிசை தங்கூசி போட்டுத் தைத்தேன், வெட்டிவேர் மூட்டையோடு அம்மா அனுப்பிய அதே கண்டு. மேல் பகுதியில் மட்டும் ஒரு பிடி சீவல் கூடுதலாகத் திணித்தேன்.

பிறகு அறை. இதற்கு ஊதுபத்திதான் கருவி. கூலரை ஓடவிட்டு, பத்தியை ஒவ்வொரு மூலையாகப் பிடித்துப் புகை எங்கே போகிறது என்று பார்த்தேன். எதிர் ஜன்னல் மூடியிருந்தால் புகை கட்டில் மேல் சுருண்டு நிற்கிறது. அதன் ஒரு கதவை முழுதாகவும் மற்றதை ஒரு சாணும் திறந்தால் கட்டிலைக் கடந்து நேராக வெளியே ஓடுகிறது. இந்தத் திறப்பில் அறை 30 டிகிரி, ஈரப்பதம் 58. வெளியே அனல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க மனம் ஒப்பவில்லை. உள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருப்பதால் லூ என்ற அந்த அனல்காற்று உள்ளே வர முடிவதில்லை என்பதைப் புகை காட்டிய பிறகுதான் நம்பினேன்.

கூலரின் மேல் நிழலுக்குக் கீம்ப் என்ற பாலைவனப் புதர்ச்செடியின் குச்சிகளால் ஒரு சின்னக் கூரையும் கட்டினேன். அழகாக இருக்கிறது என்றார் மாஸா. பயன் அரை டிகிரி. ஆந்தி வரும் அறிகுறி தெரிந்தால் பம்பையும் விசிறியையும் நிறுத்திவிட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். ஈரத்தட்டியில் புழுதி ஒட்டினால் சேறு, காய்ந்தால் செங்கல்.

வேலை முடிந்ததா என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டுமே. 450 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் நனைந்த திரித்துணி சுற்றி விசிறிவிட்டேன். நேற்று அது 23 காட்டியது. தண்ணீர் ஆவியாவதால் மட்டும் குளிர்விக்கும் எந்தக் கூலரும் இதற்குக் கீழே போகாது. வெளிக்காற்று 43, அடிமட்டம் 23, இடையே 20 டிகிரி. சென்ற ஆண்டு அதில் 8 கிடைத்தது, இப்போது 15.5.

உப்புக்கு நான் கண்ட வழி அப்பாவின் பாத்தி வழிதான். உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் உப்பளத்தில் அடுத்த தண்ணீர் கட்டுவார்கள். அதுபோலக் காலையில் தொட்டியில் கடைசி 20 லிட்டர் மிஞ்சும் நேரத்தில் வால்வைத் திறந்துவிடுகிறேன். கால்வாய்த் தண்ணீர் நாளில் அந்த மிச்சத்தில் மீட்டர் 1,600 அருகே காட்டும். டாங்கர் நாளில் மாலையும் ஒருமுறை திறந்துவிட வேண்டும். ஒருநாள் சோம்பினேன், மீட்டர் 9,000ஐத் தாண்டியது. தண்ணீருக்கு அலையும் ஊரில் கீழே விடுவது பாவம் என்பதால் வாளியில் பிடித்துக் கழிவறைக்கும் முற்றம் கழுவவும் பயன்படுத்துகிறோம். செடிகளுக்கு ஊற்றாதீர்கள். மாஸாவின் துளசி என் கையால்தான் கருகியது, அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு என்ன மாற்றுவேன்? தேன்கூடு அட்டைத் தட்டி மூன்றுக்கு 2,400 ரூபாய் சொல்கிறார்கள், இன்னும் இரண்டு டிகிரி இறங்கக்கூடும். ஆனால் டாங்கர் தண்ணீரில் அதன் துளைகள் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும். மரச்சீவல் என்றால் 280 ரூபாயோடு தூக்கி எறியலாம். எனவே தட்டி இதுவேதான். பணத்தை இரண்டாவது குண்டுத் தொட்டிக்கு வைத்திருக்கிறேன். நஹர் பந்திக்கு முன்பே கூலருக்கென்று 2,000 லிட்டர் கால்வாய்த் தண்ணீர் சேர்த்துவிட்டால், அதிக வெயிலில்லாத ஏப்ரலில் தினமும் ஐந்தாறு மணி நேரமாக மூன்று வாரம் தாங்கும். தட்டியை மே கடைசியில் ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். இந்த முறை ஜூன் பத்துவரை இழுத்தேன், தராசில் 1.6 கிலோ வந்துவிட்டது.

இன்று காலை கிழக்கே மேகம் தெரிந்தது. நனைந்த துணி வெப்பமானி 26. இது 28ஐத் தாண்டும் நாளில் பம்பின் வயரைக் கழற்றிவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுவேன். சாக்கைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன்.